காருக்குக் கஞ்சி ஊற்றிய கதை

போன மாதம் ஓரிக்கைப் பக்கம் ஒரு மண்டபத்தில் என் அத்தை மகனுக்கு அறுபதாம் கல்யாணம் நடந்தது. சாப்பாடு முடிந்து நாமெல்லாம் வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்தோம். நம் கூட்டத்தில் முழங்கால் வலிக்காதவர் இப்போது யாரும் இல்லை. அதனால் ஜமக்காளத்தை விட்டுவிட்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தோம். வழக்கம்போல ஒருத்தி ஆரம்பித்தாள். "ஏ, உங்க வூட்டு டிரைவர் காருக்குக் கஞ்சி ஊத்தன கதைய சொல்லேன். எங்க மருமவ கேட்டதே இல்ல."

நான் தலைவலிக்கிறது என்று சொல்லி எழுந்து போய்விட்டேன். "வயசு ஏற ஏறத் திமிரும் ஏறுது பாரு" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. விழட்டும். அந்தக் கதையை எங்கள் சித்தப்பா எத்தனை பந்தியில் சொல்லியிருப்பார்! நீங்கள் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறீர்கள். நானும்தான். சித்தப்பாவின் கதையில் கார் வரும், கஞ்சி வரும், ஒரு முட்டாள் டிரைவர் வருவார். எங்கள் வீடு மட்டும் வரவே வராது. நான் வீட்டையும் சேர்த்துச் சொல்கிறேன், கேளுங்கள்.

அது கோடை. நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். அப்பா தறிக்காரர்களுக்குப் பட்டும் ஜரிகையும் கொடுத்துப் புடவை வாங்கும் முதலாளி. எங்கள் தெருவிலேயே முதல் கார் எங்களுடையதுதான். யாரோ வைத்திருந்து விற்ற பழைய கார். வெள்ளை என்று பெயர், உண்மையில் மோர் நிறம். வெயிலில் அதன் ரெக்ஸின் சீட்டு தொடையில் ஒட்டிக்கொள்ளும். எழுந்தால் 'டர்'ரென்று தோல் உரிகிற மாதிரி சத்தம் வரும். உள்ளே பெட்ரோலும் கற்பூரமும் வாடிய மல்லிகையும் கலந்த ஒரு வாசனை. இன்றைக்கு என் மகனுடைய ஏசி காரில் ஏதோ எலுமிச்சை வாசனை வருகிறது. எனக்கு அது ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது.

டிரைவர் செவிலிமேட்டுக்கு அப்பால், பாலாற்றை ஒட்டிய காலனியிலிருந்து விடியும்போதே சைக்கிளில் வருவார். அப்பாவை விட மூத்தவர். காதோரம் நரை. காக்கிச் சட்டையின் மேல் பொத்தானைக்கூடப் போட்டிருப்பார். நான் அவரை "டிரைவர், இங்க வா" என்றுதான் கூப்பிடுவேன். இப்போது 'அவர்', 'இவர்' என்று எழுதுகிறேனே, இது இத்தனை வருஷம் கழித்து வந்த மரியாதை. அப்போது எங்கள் வீட்டில் யாருக்கும் அது வாயில் வரவில்லை, அவரும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

காரின் முன்கண்ணாடிக்குக் கீழே அப்பா அம்மன் படம் ஒட்டி வைத்திருந்தார். டிரைவருடைய மாதா படம் வெயில் மறைக்கும் அட்டைக்குப் பின்னால் செருகியிருக்கும். சாவியைத் திருப்புவதற்கு முன்னால் அந்த அட்டையை ஒரு தடவை தொட்டுக்கொள்வார். அப்பாவுக்கு அது தெரியுமோ தெரியாதோ. எனக்குத் தெரியும், ஏனென்றால் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து அதையெல்லாம் நோண்டுவதுதான் எனக்கு அந்த லீவில் வேலை.

அவருக்கு ஒரு டம்ளர் இருந்தது. அலுமினிய டம்ளர், விளிம்பு ஒரு பக்கம் நசுங்கியது. தெருப்பக்கத்து ஜன்னல் கம்பியில் ஒரு கொக்கி போட்டு அம்மா அதை மாட்டி வைத்திருந்தாள். காபி வந்தால் அவர் டம்ளரை எடுத்து நீட்டுவார், அம்மா தூக்கி ஊற்றுவாள். குடித்துவிட்டு அவரே கழுவி மாட்டுவார். இதை நான் பெரிய விஷயமாகப் பார்த்ததே இல்லை. காரில் ஸ்டீயரிங் இருக்கிற மாதிரி ஜன்னலில் டம்ளர் இருந்தது.

அம்மா கெட்டவள் இல்லை. தீபாவளிக்கு அவர் வீட்டுக்குப் புதுத் துணி எடுத்துக் கொடுப்பாள், அவர் மகளுக்குப் பிரசவம் என்றால் நெய்யும் பூண்டும் கட்டி அனுப்புவாள். ராட்சசியாக இருந்திருந்தால் எனக்கு இந்தக் கதையைச் சொல்வது சுலபம். நல்லவள். அதனால்தான் இப்படிக் கூசுகிறது.

அந்தக் காரின் ரேடியேட்டரில் ஒரு ஒழுக்கு இருந்தது. ரேடியேட்டர் என்றால் எஞ்சின் சூட்டைத் தணிக்கிற தண்ணீர்ப் பெட்டி. உங்களில் சிலர் கார் வைத்திருந்தும் மூடியைத் திறந்து பார்த்திருக்க மாட்டீர்கள். அதை அடைக்க அப்பாவுக்கு மனசு வரவில்லை. "தெனம் ஒரு சொம்பு தண்ணி ஊத்தனா ஆச்சு, அதுக்கு இன்னாத்துக்கு செலவு" என்றார். டிரைவர் தினமும் காலையில் தெருமுனைக் குழாயில் தண்ணீர் பிடித்து வந்து ஊற்றுவார். ஊற்றும்போது பித்தளை மூடியை என்னிடம் கொடுத்து, "பத்திரமா வெச்சிக்க பாப்பா, இதுதான் வண்டிக்கு உயிரு" என்பார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

கோடை முற்றியதும் தெருக்குழாயில் காற்றுதான் வந்தது. எங்கள் வீட்டுப் பின்கட்டில் கிணறு இருந்தது, தண்ணீரும் இருந்தது. ஆனால் பின்கட்டுக்குப் போக வேண்டுமானால் கூடம், சமையல்கட்டு எல்லாம் தாண்ட வேண்டும். டிரைவர் வாசற்படியைத் தாண்டியது கிடையாது. யாராவது உள்ளிருந்து இறைத்துக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். முதல் நாள் அம்மா ஒரு சொம்பு கொடுத்தாள். அடுத்த நாள் சலித்துக்கொண்டாள். அதற்கடுத்த நாள், "தெனமும் யாருப்பா எறச்சிக் குடுத்துக்கினு இருக்கறது? அதோ தொட்டியில இருக்குது பாரு, எடுத்து ஊத்து" என்று கையைக் காட்டினாள்.

தொட்டி என்றது வாசலோரம் மாட்டுக்கு வைத்திருந்த கழுநீர்த் தொட்டி. நம் தெருவில் வளர்ந்தவர்களுக்கு அது வெறும் கழுநீர் இல்லை என்று தெரியும். காலையில் தறியில் ஏறப்போகும் நூலைத் தெரு நீளத்துக்குப் பாவாக நீட்டி, பட்டு இழை விறைப்பாக நிற்க அரிசிக் கஞ்சி தெளித்துக் காயவிடுவார்களே, அந்தக் கஞ்சியில் மிச்சமானதை எல்லாம் எங்கள் வீட்டுத் தொட்டியில்தான் கொட்டுவார்கள். கஞ்சி தொட்ட பானை கழுவிய தண்ணீரும் அதில்தான். மாடு குடிக்கட்டும், வீணாகப் போகக் கூடாது. மேலே பார்த்தால் தெளிந்த தண்ணீர் மாதிரிதான் இருக்கும். கையை விட்டால் வழவழவென்று இருக்கும்.

டிரைவர் கையை விட்டுப் பார்த்தார். விரலைத் தேய்த்தார். "அம்மா, இது கஞ்சி கலந்ததா இருக்குதும்மா. வண்டிக்கு ஆவாது."

"மேலாக்க மோந்து வடிகட்டி ஊத்துப்பா. மாடே குடிக்குது, வண்டிக்கு இன்னா? ஒன் வண்டிக்கு பன்னீரா ஊத்துவாங்க?"

நான் சிரித்தேன். அவரும் கொஞ்சம் சிரித்தார். பிறகு தோள் துண்டை நாலாக மடித்து, ஒரு டப்பாவின் வாயில் கட்டி, பொறுமையாக வடிகட்டினார். குழாயில் தண்ணீர் வருகிற நாளில் குழாய்க்குப் போவார். வராத நாளில் தொட்டி. அந்தக் கோடையில் வராத நாள்தான் அதிகம்.

அப்புறம் திருமுக்கூடல் கோயிலுக்குப் போனோம். சித்தப்பாவுக்கு வேண்டுதல். அப்பா முன் சீட்டில், நாங்கள் எல்லோரும் பின்னால் பிதுங்கிக்கொண்டு. மடியில் புளிசாதத் தூக்கு. வாலாஜாபாத் தாண்டியதும் ஒரு கருகல் வாசனை வந்தது. டிரைவர் ஓரம் கட்டுவதற்குள் பானெட்டிலிருந்து ஆவி சீறியது, வண்டிக்குள் 'கடக்' என்று ஒரு சத்தம் கேட்டது, அவ்வளவுதான். பிறகு அது நகரவேயில்லை.

புளியமர நிழலில் நாங்கள் உட்கார்ந்து தூக்கைத் திறந்தோம். டிரைவர் டப்பாவோடு அந்த வெயிலில் எங்கேயோ நடந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது. எஞ்சின் ஆறும் மட்டும் காத்திருந்து, ரேடியேட்டரில் ஊற்றினார். தண்ணீர் உள்ளே போகவில்லை. வாய் வரைக்கும் வந்து அப்படியே நின்றது.

"எறங்கலியே" என்றார், தனக்குத்தானே. பிறகு தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தார். அம்மா தூக்கிலிருந்த புளிசாதத்தைப் பார்த்தாள்.

நாங்கள் பஸ்ஸில் திரும்பினோம். காரை ஒரு லாரி இழுத்துக்கொண்டு வந்து வாசலில் விட்டது. மறுநாளிலிருந்து விசாரணை ஆரம்பமானது. எஞ்சின் ஏன் போயிற்று? அப்பாவுக்கு ஒரே சந்தேகம்தான்: டிரைவர்தான் ஏதோ செய்திருக்கிறான். என்ன செய்தான் என்பதுதான் கண்டுபிடிக்க வேண்டியது.

முதலில் ஆயில். "ஆயில வித்துத் தின்னுட்டான்" என்று அளவுக் கம்பியை உருவிப் பார்த்தார். ஆயில் சரியாக இருந்தது. பிறகு பெட்ரோல். கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, வெயிலில் காட்டி, மூக்கில் வைத்து மோந்து, மண்ணெண்ணெய் கலந்திருக்கிறானா என்று தெருவில் நாலு பேரிடம் கருத்துக் கேட்டார். அதிலும் ஒன்றும் இல்லை. சித்தப்பா, எதிர்வீட்டுக்காரர் கண்ணுதான் என்றார். பானெட் மேல் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். கடுகு போன இடத்தையெல்லாம் கம்பு வைத்துத் துழாவினோம், பூசணிக்காய் வாசலில் தொட்டியாக நின்றுகொண்டிருந்தது.

அப்புறம் அப்பா, டிரைவரை நடுத்தெருவில் நிறுத்தி, "வாய ஊதுடா" என்றார்.

காலை நேரம். பாவு நீட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குடிக்கிற ஆள் இல்லை, எல்லாருக்கும் தெரியும். அப்பாவுக்கும் தெரியும். அவர் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டு, குனிந்து, அப்பாவின் முகத்துக்கு நேரே ஊதினார். அப்பா மோந்து பார்த்துவிட்டு, "நேத்து குடிச்சிருப்ப" என்றார். உயரமான மனிதர் அவர். அந்தக் குனிவு இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

மெக்கானிக் பாய் பஸ் ஸ்டாண்டு பக்கத்திலிருந்து வந்தார். அவரும் முதலில் விசிறி பெல்ட் என்றார், பிறகு தண்ணீர் பம்ப் என்றார், இரண்டையும் கழற்றி, இரண்டும் இல்லை என்றார். எஞ்சின் தலையைக் கழற்றிப் பார்த்ததும் முகம் சுருங்கியது. "கேஸ்கெட் வெந்து போச்சு. பிஸ்டன் இறுகிடிச்சி முதலாளி. வண்டி தண்ணியே இல்லாம ஓடியிருக்குது."

"பாத்தியா!" என்று அப்பா கையைத் தட்டினார். "தண்ணி ஊத்தாம ஓட்டியிருக்கான்!"

"ஊத்துனேன் மொதலாளி. தெனமும் ஊத்துனேன்."

"அப்ப தண்ணி எங்கடா போச்சி?"

பாய் ரேடியேட்டரின் அடிக் குழாயைக் கழற்றினார். தண்ணீர் வரவில்லை. கம்பியை விட்டுக் குத்தினார். வெள்ளையும் பழுப்புமாகக் கொழகொழவென்று ஒன்று வழிந்து தரையில் 'சொத்' என்று விழுந்தது. தெரு முழுக்க அந்த வாசனை ஏறியது. பாய்க்குப் புரியவில்லை; க்ரீஸா, கோந்தா என்று விரலில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் தெருவுக்கு அது என்னவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. புளித்து, வெந்து, திரும்பவும் புளித்த கஞ்சி. பிறந்ததிலிருந்து மோந்த வாசனை.

சித்தப்பா குனிந்து மோந்து பார்த்தார். நிமிர்ந்து, "அடப்பாவி! காருக்குப் பாவு போட்டுட்டாண்டா!" என்றார். தெருவே சிரித்தது. உங்களுக்குத் தெரிந்த கதை இங்கே பிறந்தது, இங்கேயே முடிந்தும் விடுகிறது. எனக்கு முடியவில்லை.

நான் பத்து வயசுப் பெண். கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் எனக்கு. கூட்டத்தில் முண்டிக்கொண்டு போய் அப்பா கையைப் பிடித்து இழுத்துச் சொன்னேன். "எனக்குத் தெரியும்பா! அம்மாதான் தொட்டியில எடுத்துக்கச் சொல்லிச்சி. டிரைவர் வேணாம்னுதான் சொன்னாரு!"

எப்படி 'சொன்னாரு' என்று வந்ததோ, தெரியவில்லை.

சிரிப்பு நின்றுவிட்டது. அப்பா திரும்பி வாசலைப் பார்த்தார். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பாவுக்கு எல்லாம் புரிந்தது என்பது எனக்கு நிச்சயம். அவர் கழுத்தில் வியர்வை இறங்கியது. அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் புரிந்தது. கிணற்றுத் தண்ணீர் ஏன் கிடைக்கவில்லை, மாட்டுத் தொட்டித் தண்ணீர் ஏன் கிடைத்தது என்று அந்தத் தெருவில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. அவர்கள் வீட்டு ஜன்னல்களிலும் டம்ளர் தொங்கியது.

அப்பா டிரைவர் பக்கம் திரும்பினார். எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"ஏம்பா, உள்ள கெணறு நெறைய தண்ணி இருக்குது. வந்து கேட்டா குடுத்திருக்க மாட்டோமா? நாங்க இன்னா மனுசங்க இல்லியா?"

என் வாழ்க்கையில் எத்தனையோ வசவு கேட்டிருக்கிறேன். இதை விடக் கேவலமான ஒரு பேச்சைக் கேட்டதில்லை. அதைச் சொன்னது என் அப்பா. அந்த வாயால்தான் எனக்குத் திருவாசகம் சொல்லிக் கொடுத்தார்.

டிரைவர் அப்பாவைப் பார்த்தார், வாசலில் அம்மாவைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். எனக்காகப் பயந்தாரோ, அம்மாவுக்காக இரக்கப்பட்டாரோ, இல்லை இந்த ஆட்களிடம் பேசி என்ன ஆகப்போகிறது என்று நினைத்தாரோ. "பாப்பா கொழந்த, அதுக்கு ஒண்ணும் தெரியாது மொதலாளி" என்றார். "நாந்தான் கேக்காம எடுத்து ஊத்திட்டேன். தப்புதான்."

"அதச் சொல்லு!" என்று அப்பா மூச்சு விட்டார். தெருவும் மூச்சு விட்டது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள். பாவு நீட்டுகிறவர்கள் வேலைக்குத் திரும்பினார்கள், சித்தப்பா சிரிப்பை விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கினார். அம்மா என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளி உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். கண்ணில் தண்ணீரோடுதான் கிள்ளினாள். அந்தக் கண்ணீரைப் பற்றி அவள் சாகும்வரை பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

வேலை போய்விட்டது. அது மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. காஞ்சிபுரத்தில் அப்போது கார் வைத்திருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். எல்லாரும் ஒருவருக்கொருவர் சம்பந்தி, இல்லாவிட்டால் வியாபாரப் பழக்கம். சித்தப்பாவின் கதை அவருக்கு முன்னால் ஒவ்வொரு வீட்டுக்கும் போய் உட்கார்ந்துகொண்டது. "அட, கஞ்சி டிரைவரா நீ?" என்று கேட்டுச் சிரித்து அனுப்பினார்களாம். ஸ்டீயரிங்கைத் தவிர வேறு எதையும் பிடித்துப் பழகாதவர். பிறகு ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது பாலாற்று மணல் லாரி ஒன்றைப் பார்த்தேன். டிரைவர் சீட்டில் யாரோ ஒரு பையன் இருந்தான். இவர் பின்னால், மணல் மேலே, மண்வெட்டியோடு உட்கார்ந்திருந்தார். மேல் பொத்தான் அப்போதும் போட்டிருந்தது. என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். முதலில் தலை குனிந்தது நான்தான் என்று நினைக்கிறேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு முன்னால் நடந்தது. கணக்கை முடித்து அனுப்பிய அன்றைக்கு, தன் சாமான்களை எடுத்துக்கொள்ள வந்தார். செத்துப்போன கார் வாசலிலேயே நின்றது. கதவைத் திறந்து, அட்டைக்குப் பின்னாலிருந்த மாதா படத்தை எடுத்துச் சட்டைப் பையில் வைத்தார். வடிகட்டிய துண்டு டிக்கியில் கிடந்தது. கஞ்சி காய்ந்து அட்டை மாதிரி விறைத்திருந்தது. அதை மடிக்கப் பார்த்தார், மடியவில்லை, அப்படியே சுருட்டிக்கொண்டார். ரேடியேட்டரின் பித்தளை மூடியைத் தேடி எடுத்து, துடைத்து, சாவியோடு சேர்த்து வாசற்படியின் ஓரத்தில் வைத்தார். நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மூடியை அப்புறம் யார் எடுத்தார்கள், எங்கே போயிற்று, தெரியாது.

அம்மா வெளியே வந்தாள். ஜன்னலில் தொங்கிய அலுமினிய டம்ளரைப் பார்த்தாள். நல்ல மனசோடுதான் சொன்னாள், அதை நான் சத்தியம் பண்ணிச் சொல்வேன்.

"அந்த டம்ளரையும் எடுத்துக்கினு போப்பா. இங்க வேற யாரும் அதுல குடிக்கமாட்டாங்க."

அவர் அதைக் கையில் எடுத்தார். உள்ளே ஒரு தடவை பார்த்தார். பிறகு கொக்கியிலேயே திரும்ப மாட்டினார்.

"வேணாம்மா. இத்தினி நாளு அதுல நான் குடிச்சேன், அவ்ளோதான். அது ஒங்க வூட்டு டம்ளரு. ஒங்க வூட்டுலயே இருக்கட்டும்."

சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். டம்ளர் அங்கேயே தொங்கியது. கழற்றி எறிய அம்மாவுக்குக் கை வரவில்லை. நான் கல்யாணமாகிப் போகும் வரைக்கும், அந்த வீட்டை விற்கிற வரைக்கும், ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிக்கும்போதெல்லாம் அதைக் கழற்றாமல் சுற்றி அடித்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த கல்யாணத்தில் யாராவது என்னிடம் அந்தக் கதையைக் கேளுங்கள், சொல்கிறேன். ஆனால் டம்ளரோடு சேர்த்துத்தான் சொல்வேன். உங்கள் மருமகளையும் கூட்டி வந்து உட்கார வையுங்கள். சிரிப்பு வந்தால் சிரிக்கட்டும்.